மூன்று வாரத்து மறதி

முந்தின நாள் வரைந்த படிக்கட்டை அக்கா காலை ஏழு மணியிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டருக்குள் வரைந்து வைத்த படிக்கட்டு அது. பல் டாக்டர் ஒருவர் தன் பழைய மாடி வீட்டைக் கிளினிக்காக மாற்றப் போகிறார். அதற்கான வரைபடம் மொத்தம் பதினொரு தாள். அடுத்த புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். பன்னிரண்டு வருடம் ஒரு கட்டட ஆபீசில் பிறருக்காக வரைந்துவிட்டு, வேலையை விட்டு வெளியே வந்த அக்காவுக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

"பதினாறு படி. நடுவுல ஒரு திருப்பம். கைப்பிடி வரைக்கும் போட்டேன்" என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "இல்ல, போட்டதா நெனச்சுக்கிட்டே எழுந்து வந்துட்டேனோ என்னமோ."

"திறக்கும்போது என்ன சொல்லுச்சு?" என்று அத்தான் கேட்டார்.

"என்னவோ கேட்டுச்சு. சரின்னு அமுக்கினேன். பழைய படம்தான் வந்துச்சு."

"அப்போ நீ சேவ் பண்ணல. நேத்து அடுப்பைக்கூட அணைக்காம விட்டே."

"அடுப்பை அணைக்காதது நீங்க."

"அப்படியா. சரி, அதை லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்."

அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். எதையும் மூன்று முறை சொன்னால்தான் ஆளுக்கு ஏறும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. ஒரு மஞ்சள் சீட்டில் 'சேவ் பண்ணிட்டியா?' என்று எழுதி, கீழே ஒரு ஸ்டீயரிங் படமும் போட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டினார். ஏற்கெனவே அங்கே இருந்த மூன்று சீட்டுக்கு இது நான்காவது துணை.

"ரிஜிஸ்டர்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "உங்க அக்கா நேத்து எத்தனை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தான்னு பதிவு இருக்கா?"

ரிஜிஸ்டர் என்பது அக்காவின் தங்கைக்கு அவர் வைத்த பெயர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை அவளுக்கு. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் வகுப்பு. பஸ் எத்தனை நிமிடம் தாமதம், எந்த லென்ஸ் எத்தனையாவது சுற்றில் விரிசல் விட்டது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவாள். எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதினோமா என்று இன்னொரு தடவை பார்ப்பாள்.

"ஒன்பது பத்துக்கு, அத்தான்" என்றாள், தலையைப் பின்னியபடி.

"சேவ் பண்ணினாளா?"

"அதை நான் பாக்கல."

அது உண்மைதான். ஆனாலும் சொல்லி முடித்ததும் அக்காவின் பக்கம் பார்க்க ஏனோ அவளுக்குக் கூச்சமாக இருந்தது. காட்டிக்கொடுத்தது மாதிரி.

கதை மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அக்காவின் கம்ப்யூட்டர் பழசு. வரைபடத்தை நிஜக் கட்டடம்போல நிழல், வெளிச்சத்தோடு ஒரு படமாக்கித் தர அதற்கு நாற்பது நிமிடம் பிடிக்கும். அக்கா வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வாரம்தான் வகுப்பில் ஓவர்கிளாக் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் துடிக்கிறது, அதன் துடிப்பைக் கொஞ்சம் கூட்டினால் எல்லாமே கொஞ்சம் வேகமாக ஓடும் என்றார்கள். ஒரு காசு செலவில்லை. தங்கை அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நூறு என்று இருந்ததை நூற்றியொன்று ஆக்கினாள். சூடு எவ்வளவு என்று பார்த்து எழுதினாள். மெமரி சோதனை ஓட்டினாள். பிழை இல்லை என்று எழுதினாள். நூற்றியிரண்டு. நூற்றிமூன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நூற்றியெட்டில் திரை கறுத்துப்போனது. ஒரு படி இறங்கி நூற்றியேழில் நிறுத்தினாள். நாற்பது நிமிடப் படம் முப்பத்தேழரை நிமிடத்தில் முடிந்தது.

"ரெண்டரை நிமிஷம் மிச்சம்" என்றார் அத்தான். "அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"உங்களோட பேசாம உக்காந்திருப்பேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். தங்கைக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அன்றிலிருந்து இன்னொரு காரியமும் செய்தாள். மெஷினை வேகமாக ஓட்டுகிறோம், எதற்கும் இருக்கட்டும் என்று, தினமும் அக்காவின் வரைபடங்களையெல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்தாள். ஒரே டிஸ்க்தான் இருந்தது. அதனால் புது நகலைப் பழையதன் மேலேயே போட்டாள். ஒரு நாள் தவறவில்லை.

அக்காவின் மறதி அதற்குப் பிறகுதான் வந்தது. வரைந்த சுவர் மறுநாள் இருக்காது. போட்டோ எடுத்து வைத்த மேல்மாடி, பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக வரும். ஒரு தடவை ஃபோல்டரின் பெயரே புரியாத எழுத்துகளாக இருந்தது. "கை தவறி எதையோ தட்டியிருக்கேன்" என்றாள் அக்கா. முதலில் சிரித்தாள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். கடைக்குப் போகும்போது மூன்றே மூன்று சாமானுக்குச் சீட்டு எழுதினாள். ஒரு நாள் தங்கையிடம், "நம்ம பெரியம்மா பொண்ணு புருஷன் பேரு என்ன?" என்று கேட்டாள். தங்கை சொன்னதும், "எனக்குத் தெரியும். சும்மா பாத்தேன்" என்றாள்.

படிக்கட்டு காணாமல் போனதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, வகுப்பு இருந்தது. பெஞ்சில் தங்கைக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்காருவார். வேலை முடித்து நேராக வருவதால் கையில் கிரீஸ் வாசனை இருக்கும். ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் அக்காவின் மறதியைச் சொன்னாள்.

"எத்தனை தடவை?" என்றார் அவர்.

"ஏழு."

"தேதியோட சொல்லுவே போலிருக்கே."

"சொல்லுவேன், அண்ணே."

"ஏழு தடவையும் அவங்க மறந்துட்டாங்களா? ஒரு லிஃப்ட் ஒரே மாடியில ஏழு தடவை நின்னா நான் உள்ள இருக்கற ஆளைத் திட்ட மாட்டேன், தங்கச்சி. கதவைப் பாப்பேன். மெஷின்ல ஏதாவது கை வெச்சியா?"

"இல்லண்ணே." இரண்டு ஸ்குரூ கழன்று வந்தது. "உள்ள இருக்கற கடிகாரத்தை, அந்த பேஸ் கிளாக்கை மட்டும் கொஞ்சம் கூட்டினேன்."

"மட்டுமா?" அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "என்ன மதர்போர்டு?"

அவள் சொன்னாள்.

"அது பழசாச்சே. அதுல இருக்கறது ஒரே கடிகாரம். எல்லாரும் அதுக்குத்தான் ஓடணும். புதுசுல டிஸ்க்குக்குத் தனி வழி உண்டு. இதுல பிராசசர் ஓடிடும், மெமரியும் ஓடிடும், டிஸ்க்குக்குப் போற வழி மூச்சு வாங்கும். எழுதுன்னா எழுதும். என்ன எழுதுச்சுன்னு அதுக்கே தெரியாது. படிச்சாலும் அப்படித்தான்."

"நான் எல்லாம் டெஸ்ட் பண்ணினேன், அண்ணே. சூடு பாத்தேன். மெமரி பாத்தேன்."

"டிஸ்க்?"

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரித்திருந்தாள். ஐந்திலும் எண்கள் நிரம்பியிருந்தன. டிஸ்க்குக்கு என்று ஒரு கட்டமே இல்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏழு தேதிகளையும் பார்த்தாள். முதல் மறதி, கடிகாரத்தைக் கூட்டின இரண்டாம் நாள். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடத்தில் அக்கா ஒரு கோட்டைக்கூடத் தொலைத்ததாக யாரும் சொன்னதில்லை. பிறகு அந்த நகல் டிஸ்க் ஞாபகம் வந்தது. சிதைந்துபோனதையே நாள் தவறாமல் படித்து, நல்லதாக இருந்ததன் மேல் எழுதி வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் கடிகாரத்தை நூறுக்கு இறக்கிப் பார்ப்போம், கோப்புகள் சரியாகத் திறந்தால்தானே நிச்சயம், நிச்சயம் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஒழுங்கா, பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. நோட்டில் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.

சனிக்கிழமை அவள் கடையிலிருந்து வந்தபோது அக்கா சமையலறையில் நின்றபடி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் உரித்ததில் பாதியைத் தின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட பேசிடறேன்" என்றாள் அக்கா. "வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடறேன். திங்கட்கிழமை பழைய ஆபீசுக்குப் போன் பண்றேன். மேனேஜர் திரும்ப வேலைக்கு எடுத்துக்குவார்."

அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். "ஏம்மா, நாலு சீட்டு ஒட்டினதுக்கு இவ்வளவு கோபமா?"

"கோபமில்ல. அங்க சுத்தி நாலு பேர் இருந்தாங்க. என் தப்பையெல்லாம் அவங்க பிடிச்சிருக்காங்க, எனக்குத்தான் தெரியல. தனியா உக்காந்ததும்தான் தெரியுது. ஒரு சுவரை நான் ரெண்டு இஞ்ச் தள்ளிப் போட்டா அங்க நாளைக்கு ஆளுங்க நடப்பாங்க. போட்டேனா இல்லையான்னே தெரியாதவ அதை வரையக் கூடாது."

எந்தத் தழுதழுப்பும் இல்லாமல் சொன்னாள். பட்டாணித் தோலைக் கூட்டி எடுத்தாள். தங்கைக்கு அப்போதே சொல்ல வாய் வந்தது. 'நாளைக்குக் காலையில, சோதிச்சுட்டு' என்று விழுங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எழுந்தாள். கடிகாரத்தை நூறுக்கு இறக்கினாள். கம்ப்யூட்டர் எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரத்தை, பழக்க தோஷம், எழுதினாள். பதினொரு தாளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது வரவில்லை. நான்காவது வரவில்லை. ஐந்தாவது, படிக்கட்டுத் தாள். அன்று கோப்பைப் படிக்க முடியாமல் கம்ப்யூட்டர் தானே வைத்திருந்த பழைய நகலைக் காட்டியபோது அக்கா அதை வேறு பெயரில் வைத்துக்கொண்டு தொடர்ந்திருந்தாள். முதல் கோப்பு அப்படியே கிடந்தது. அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

படிக்கட்டு வந்தது. எண்ணினாள். பதினாறு. நடுவில் திருப்பம். கைப்பிடி, அதன் முனையில் ஒரு சின்ன வளைவுகூட இருந்தது. கோப்பு டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அவள் கூட்டின வேகத்தில் அதைப் படிக்கத்தான் முடியவில்லை.

கூடத்தில் அக்காவின் குரல் கேட்டது. "டாக்டர், காலையிலேயே தொந்தரவு பண்றேன்..."

தங்கை ஓடினாள். யோசிக்கவில்லை, எதையும் எழுதவும் இல்லை. அக்காவின் காதோரம் இருந்த போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?"

"வா. வந்து பாரு. தயவுசெஞ்சு வா."

அக்கா திரை முன்னால் நின்றாள். தங்கை சொல்ல ஆரம்பித்தாள். கடிகாரம், பழைய போர்டு, டிஸ்க்குக்குப் போகிற வழி, போடாத கட்டம், நாள் தவறாமல் எடுத்த நகல். முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. அத்தான் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வாசலில் நின்று கேட்டார்.

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்போ நான் சேவ் பண்ணியிருக்கேன்."

"பண்ணியிருக்கே."

"கிழக்குச் சுவர்?"

"வரைஞ்சிருக்கே."

"ஃபோல்டர் பேரு? நான் தட்டலியா?"

"நீ தட்டல. டிஸ்க் உளறியிருக்கு."

"மேல்மாடி போட்டோ?"

"நல்லாத்தான் எடுத்திருக்கே."

அக்கா திரையில் கைப்பிடியின் வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பினாள். அப்படி ஒரு முகத்தைத் தங்கை அவளிடம் பார்த்ததில்லை.

"மூணு வாரம்டி. எனக்கு மூளையில ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். யாருக்கும் தெரியாம எங்க போய்ப் பாக்கறதுன்னுகூட விசாரிச்சேன். உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "வெள்ளிக்கிழமை."

"நேத்து நான் பட்டாணி உரிக்கும்போது தெரியும்."

"தெரியும். நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு..."

"போ. என் கண்ணு முன்னாடி நிக்காதே."

தங்கை பின்பக்கம் போய், காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் நின்றாள். அழக்கூடத் தோன்றவில்லை. அத்தான் வந்து பக்கத்தில் நின்றார். ஈரத் துண்டை விலக்கிவிட்டு, "எங்க வண்டியில எனக்கும் ஒரு பிரேக் உண்டு" என்றார். "கத்துக்கறவங்க எங்க கொண்டுபோய் விட்டாலும் நான் மிதிச்சா நிக்கும். அதனாலதான் எனக்குத் தைரியம். நீ வேகத்தைக் கூட்டி வண்டியை அவகிட்ட கொடுத்தே, அவ பக்கம் பிரேக் வைக்கல."

"ஆமா, அத்தான்."

"இதையும் எழுதி வெச்சுக்க. நான் நல்லாப் பேசறது அபூர்வம்."

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "எங்க போய்த் தொலைஞ்சே? புது டிஸ்க் வேணுமா வேணாமா? இதை நம்பலாமா?"

"நம்ப வேணாம்" என்று தங்கை ஓடினாள். "கிடைச்சதைப் புதுசுல எடுத்துடலாம்."

அத்தான் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போய் வாங்கி வந்தார். மத்தியானத்துக்குள் கணக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முந்தியது எல்லாம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு எழுதினதில் படிக்கட்டையும் சேர்த்துச் சிலது பிழைத்தது. ஐந்து தாள் அடியோடு போயிருந்தது. டாக்டருக்கு அக்காவே திரும்பப் பேசினாள். போன் கட்டாகிவிட்டது, புதன்கிழமை வரைபடம் வரும், அதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டை அளந்துகொள்ள வேண்டும் என்றாள். டாக்டர் சரி என்றார்.

தங்கை கடையில் இரண்டு நாள் லீவு போட்டாள். டாக்டர் வீட்டை முதலில் அளந்தபோது அக்கா கையால் எழுதின அளவுக் குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு அளவாக அவள் படிக்க, அக்கா வரைய வேண்டும் என்பது ஏற்பாடு.

"மேல்மாடி, தெற்கு அறை" என்று ஆரம்பித்தாள்.

"மூணு மீட்டர் அறுபது. ஜன்னல் ஒண்ணு இருபது, சுவர் மூலையில இருந்து எண்பது தள்ளி" என்றாள் அக்கா. கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

தங்கை குறிப்பைப் பார்த்தாள். மூன்று அறுபது. ஒன்று இருபது. எண்பது.

"அடுத்தது கை கழுவற இடம்..."

"ரெண்டு பத்து, ஒண்ணு ஐம்பது. குழாய் மேற்குப் பக்கம். அங்க சுவர்ல ஒரு புடைப்பு இருக்கும், பன்னெண்டு சென்டிமீட்டர்."

பன்னிரண்டு என்றே இருந்தது. பத்து அளவுக்குப் பிறகு தங்கை படிப்பதை நிறுத்திவிட்டு, சரி, சரி என்று டிக் மட்டும் போட்டாள். அக்கா நடுவில் ஒரு தடவை கையை நிறுத்தி, டிக்குகள் வரிசையாக இறங்கியிருந்த அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். முட்டியால் தங்கையின் முட்டியை இடித்தாள். கொஞ்சம் பலமாகவே.

அன்று மாலை அத்தான் திரையைச் சுற்றியிருந்த மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏன் எடுக்கறீங்க?" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வகுப்புல ஒருத்தர் இருக்கார். கியர் மாத்த மறந்துடறார். அவருக்கு ஒட்டலாம்னு."

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அக்காவும் தங்கையும் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். திரும்ப வரைந்த ஐந்து தாளையும் டேப் பிடித்துச் சரிபார்த்தார்கள். அக்கா தாளைப் பார்த்து எண்ணைச் சொல்ல, தங்கை டேப்பைப் பார்த்துச் சொல்ல, எல்லாம் ஒத்துப்போனது. பின்பக்க அறையின் கதவுக்கு வந்தார்கள்.

"தொண்ணூறு" என்றாள் அக்கா.

தங்கை டேப்பைத் திரும்ப வைத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை வைத்தாள்.

"சரியாத்தான் பிடிச்சேனான்னு தெரியல" என்றாள். "எனக்கு எழுபத்தஞ்சு வருது."

அக்கா அவளை நகர்த்திவிட்டுத் தானே அளந்தாள். எழுபத்தைந்து. தங்கையின் கையிலிருந்த அளவுக் குறிப்பை வாங்கிப் பார்த்தாள். அங்கேயும், அவள் கையெழுத்திலேயே, எழுபத்தைந்து. அதன் பக்கத்தில் தங்கை அவசரத்தில் போட்ட டிக்.

"டிஸ்க்கா இருக்குமோ?" என்றாள் தங்கை. "புதுசுலயும் ஏதாவது..."

"டிஸ்க் இல்ல." அக்கா வரைபடத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். "முன்பக்கக் கதவு தொண்ணூறு. அதே ஞாபகத்துல இதையும் தொண்ணூறுன்னு போட்டுட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு, போடும்போது உன்னோட பேசிக்கிட்டே போட்டேன். இது என் தப்பு."

"நான்தான் பாக்காம டிக் போட்டேன்."

"அது உன் தப்பு. அதைத் தனியா வெச்சுக்க. இது என்னோடது."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தொண்ணூறை ஒரே கோட்டில் அடித்து, மேலே எழுபத்தைந்து என்று எழுதினாள். தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். டாக்டர் எட்டிப் பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் அக்கா. குழந்தை பிறந்த செய்தியைச் சொல்கிறவள்போல முகம் மலர்ந்திருந்தது. "ஒரு தப்பு பண்ணிட்டேன்."